நச்சியல் துறையில் நுழைய நினைக்கும் ராணிப்பேட்டை வாசகிக்கு

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ராணிப்பேட்டைப் பக்கம். எங்கள் ஊர் நிலத்தடி நீர் ஆலைக் கழிவால் கெட்டதைப் பற்றிச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால் டாக்சிகாலஜி, அதாவது நச்சியல் பக்கம் போக ஆசை. இதற்கு பிஎச்.டி. கட்டாயமா? எலியைக் கொல்லும் வேலை என்கிறார்களே, அது என்னால் முடியாது. விஷத்தோடு புழங்கினால் நாளைக்குக் குழந்தை பெறுவதில் சிக்கல் வரும் என்று அம்மா பயப்படுகிறார். தமிழ்நாட்டிலேயே வேலை கிடைக்குமா? எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இந்தப் படிப்பு உதவுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

பிஎச்.டி. பற்றிய கேள்வியை முதலில் வைத்திருக்கிறீர்கள். அது கடைசியில் வரவேண்டியது. நச்சியல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கைந்து வெவ்வேறு தொழில்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கட்டாயமான பட்டம் இன்னொன்றில் செல்லுபடியாகாது. ஒவ்வொன்றையும் ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், எந்த அறையில் உட்காரப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் ஐந்து வருட ஆராய்ச்சியில் இறங்குபவர்கள்தான் முப்பது வயதில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள்.

எந்த அறையானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: ஒரு பொருள் கெடுதி செய்யுமா என்பதோடு நிற்காமல், எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள், யாருடைய உடலுக்குள் போனால் கெடுதி என்று எண்ணோடு சொல்வது. உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வகம் அதில் தொழிற்சாலைக் கரைப்பானான டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருப்பதாகக் கண்டது. அனுமதி 0.1 சதவீதம்.

செய்தி அதோடு முடிந்துவிடும். நச்சியலாளர் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். 100 மி.லி.யில் 48.6 கிராம் என்றால் 5 மி.லி. மூடியில் 2.43 கிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளையில் கிலோவுக்கு 200 மி.கி. போகிறது. நாளைக்கு நான்கு வேளை கொடுத்தால் 810 மி.கி. இதை எதோடு ஒப்பிடுவது? 1995-96இல் ஹைட்டியில் இதே பொருள் கலந்த பாராசிட்டமால் சிரப் குடித்துப் பல குழந்தைகள் இறந்தார்கள். அங்கே ஆய்வாளர்கள் குழந்தை குழந்தையாகக் கணக்கெடுத்ததில், சிறுநீரகத்தைப் பாதித்த மொத்த அளவின் நடுமதிப்பு கிலோவுக்கு 1.34 மி.லி. என்றும், மிகக் குறைந்தது 0.22 மி.லி. என்றும் வந்தது. அடர்த்தியைப் பெருக்கினால் நடுமதிப்பு சுமார் 1.5 கிராம், கீழெல்லை கால் கிராம். ஆக நம் கணக்கில் உள்ள குழந்தை இரண்டாவது வேளையிலேயே கீழெல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டாம் நாள் முடிவில் நடுமதிப்பையும் தாண்டுகிறது. காய்ச்சல் குறையவில்லையே என்று மூன்றாம் நாளும் கொடுத்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

உயிர்வேதியியல் படித்தவர் என்பதால் இன்னொரு படி போகலாம். டை எத்திலீன் கிளைக்கால் நேரடியாகச் சிறுநீரகத்தைத் தாக்குவதில்லை. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் அதைப் பிடித்து மாற்றத் தொடங்க, கடைசியில் உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழல் செல்களில் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது. அதனால்தான் அந்த நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோலை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பயன் உண்டு, சிறுநீர் நின்றபிறகு கொடுத்தால் பெரிய பயன் இல்லை. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எலிக்கு இதன் எல்டி50, அதாவது பாதி எலிகளைக் கொல்லும் அளவு, கிலோவுக்கு 12 கிராமுக்கு மேல். கடும் நச்சுத்தன்மைக்கான எலிச் சோதனையை மட்டும் வைத்துப் பார்த்தால் 2,000 மி.கி. வரம்பைச் சுலபமாகத் தாண்டி, சாதுவான பொருள் என்று வெளியே வந்துவிடும். எலிக்கும் குழந்தைக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு மடங்கு வித்தியாசம். விலங்கிலிருந்து மனிதருக்கு வரும்போது பத்தால் வகுக்கச் சொல்வதன் காரணம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். இந்த ஒரு பொருளைப் பார்த்தால் அது ஏன் சும்மா வைத்த எண் இல்லை என்று புரியும்.

இந்த மாதிரிக் கணக்கு உங்களுக்குச் சலிப்பூட்டவில்லை என்றால் துறை உங்களுக்கானதுதான். இனி அறைகளைப் பார்ப்போம்.

முதல் அறை சோதனைக்கூடம். பூச்சிமருந்து, மருந்து, சாயப்பொருள் எதுவாக இருந்தாலும் சந்தைக்கு வருமுன் ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு வகுத்த சோதனை முறைகளின்படி தரவு வேண்டும். அந்தத் தரவு ஜிஎல்பி என்ற நல்ல ஆய்வக நடைமுறைக்கு உட்பட்ட கூடத்தில் உருவாகியிருக்க வேண்டும். 2011 மார்ச் முதல் இந்தியா ஓஇசிடியின் தரவு ஏற்பு உடன்பாட்டில் முழு உறுப்பாக இருப்பதால், இங்கே செய்த சோதனையை ஐரோப்பாவும் ஜப்பானும் திரும்பச் செய்யச் சொல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. இந்தியாவில் இந்த வேலைகள் பெருகியதற்கு முக்கியக் காரணம் இதுதான். தமிழ்நாட்டில் படப்பையில் உள்ள பன்னாட்டு உயிர்த்தொழில்நுட்ப, நச்சியல் நிறுவனம் இந்த வகையில் பழையது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் நச்சியல் மையம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பெங்களூரு, ஹைதராபாத் ஜீனோம் வேலி, குஜராத்தின் வாப்பி. தமிழ்நாட்டுக்குள்ளேயே என்று பிடிவாதமாக இருந்தால் வாய்ப்பு சுருங்கும். முதல் இரண்டு மூன்று வருடங்களுக்காவது பெங்களூரு, ஹைதராபாத் வரை மனதை விரித்து வையுங்கள்.

கூடத்தில் என்ன செய்வார்கள்? 28 நாள் தொடர் வாய்வழிச் சோதனை என்றால் குழுவுக்கு 5 ஆண், 5 பெண் எலிகள். மூன்று அளவுகளுக்கு மூன்று குழு, மருந்து படாத ஒப்பீட்டுக் குழு ஒன்று. ஆக 40 எலிகள். தினமும் எடைக்கேற்ற அளவை வளைந்த ஊசிக்குழாயால் இரைப்பைக்குள் விட வேண்டும். பொதுவாக 100 கிராம் எடைக்கு 1 மி.லி.க்கு மேல் போகக்கூடாது. நீர்க்கரைசலானால் 2 மி.லி. வரை. எழுதினால் எளிது. குழாய் மூச்சுக்குழலுக்குள் போனால் எலி சாகும். அந்தச் சாவு அறிக்கையில் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். உடற்கூறு செய்யும்போது உணவுக்குழலில் துளையும் நுரையீரலில் திரவமும் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்தான் அதைப் பிரித்துச் சொல்வார். மருந்துத் தொங்கல், அதாவது முழுதாகக் கரையாத மருந்துக் கலவை, பாத்திரத்தின் அடியில் படிந்துவிட்டால் முதலில் கொடுத்த எலிக்குக் குறைவு, கடைசி எலிக்கு அதிகம். அதற்காகவே மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் மாதிரி எடுத்துச் செறிவு பார்க்கிறார்கள். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் பொட்டாசியமும் ஏஎஸ்டி என்ற நொதியும் பொய்யாக ஏறும். அதிக அளவுக் குழுவை எப்போதும் கடைசியில் எடுத்தால், வெயில் ஏறிய நேரத்தின் மாற்றமெல்லாம் அந்தக் குழுவின் தலையில் விழும்.

இவ்வளவுக்கும் மேலே எழுத்து. பிழையாக எழுதிய எண்ணை வெள்ளை மையால் மறைக்கக்கூடாது. ஒற்றைக் கோடு, சுருக்கொப்பம், தேதி, காரணம். பழைய எண் தெரிய வேண்டும். அன்றைய பதிவை மறுநாள் நினைவிலிருந்து எழுதக்கூடாது. இது அலுவலகக் கெடுபிடி மாதிரி தெரியும். தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் கேட்பதே அந்த மூலப்பதிவைத்தான், அங்கே ஓட்டை இருந்தால் கோடிக்கணக்கில் செலவான ஆய்வு வெறும் காகிதம்.

எலி விஷயத்தில் உங்களுக்குப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன 40 எலிகளும் ஆய்வின் முடிவில் கொல்லப்படும். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், வலியில்லாத முறை, எண்ணிக்கைக் குறைப்பு எல்லாம் உண்டு. பழைய எல்டி50 முறையை ஓஇசிடி 2002இல் நீக்கிவிட்டது. இப்போதைய மாற்று முறைகளில் ஒன்றில் படிக்கு 3 எலிகள்தான். ஆனாலும் கொல்லத்தான் வேண்டும். முடியாது என்றால் முடியாது என்றே இருங்கள், பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி உள்ளே போகாதீர்கள். அதற்காகத் துறையை விடவும் தேவையில்லை. அழகுசாதனப் பொருட்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014இல் தடை செய்தது. புதிய மருந்துகளுக்கும் செல், உறுப்புச் சில்லு (உறுப்பைப்போல் இயங்கும்படி செல்களை வளர்த்த சிறு கருவி) போன்ற மாற்று முறைகளை 2023 விதித்திருத்தம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விலங்கு இல்லாத பிரிவுகள் இன்று பல கூடங்களில் இருக்கின்றன.

உங்கள் படிப்புக்கு நேராகப் பொருந்துவது, ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்குமா என்று பார்க்கும் மரபணு நச்சியல் பிரிவு. ஏம்ஸ் சோதனையை வகுப்பில் படித்திருப்பீர்கள்: ஹிஸ்டிடின் தயாரிக்க முடியாத சால்மோனெல்லா, மரபுப்பிறழ்வால் அந்தத் திறனைத் திரும்பப் பெற்றால் தட்டில் கூட்டமாக வளரும். நடைமுறையில் கோட்டை விடும் இடம் வேறு. பொருள் பாக்டீரியாவையே கொல்லும் அளவுக்குச் செறிவாக இருந்தால் தட்டின் பின்னணிப் படலம் மெலிந்துவிடும். இறந்தவை விட்டுச்சென்ற ஹிஸ்டிடினைத் தின்று மிச்சமிருப்பவை குண்டூசித் தலை அளவுக்குச் சின்னச் சின்னக் கூட்டங்களாக வளரும். எண்ணும் கருவி அவற்றையும் சேர்த்து எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டதாகக் காட்டும். தட்டை எடுத்து நுண்ணோக்கியில் படலத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எழுதுபவர், நல்ல பொருளொன்றுக்குப் புற்றுநோய்ச் சந்தேகம் என்ற முத்திரையைக் குத்திவிடுவார். இப்படிப்பட்ட கண் உள்ளவர்களுக்குக் கூடங்களில் மதிப்பு அதிகம்.

இரண்டாவது அறை நோய்க்கூறியல், அதாவது திசுச் சில்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. இது உங்களுக்கு இல்லை. கால்நடை மருத்துவம் படித்து அதில் நோய்க்கூறியல் முதுகலை முடித்தவர்களின் இடம் அது. வருத்தப்பட வேண்டாம், அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாவது அறைக்கு மேசையும் கணினியும் போதும். இடர் மதிப்பீட்டாளர், ஒழுங்குமுறை நச்சியலாளர் என்று பல பெயரில் விளம்பரம் வரும். மருந்து நிறுவனங்களில் இந்த அறைக்கு 2018க்குப் பிறகு திடீர் மவுசு. அந்த வருடம் வால்சார்டான் ரத்த அழுத்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைன், புற்றுநோய்ச் சந்தேகமுள்ள மாசு, கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு 96 நானோகிராம். சாதாரண மரபுப்பிறழ்வு மாசுக்கு, மருந்து விதிகளை ஒத்திசைக்கும் பன்னாட்டு மன்றமான ஐசிஎச்சின் எம்7 வழிகாட்டி வைத்திருப்பது நாளைக்கு 1.5 மைக்ரோகிராம். இது அதைவிட 15 மடங்கு கடுமை. இப்போது மாத்திரையில் வரக்கூடிய ஒவ்வொரு மாசுக்கும், ஒன்று விதி அடிப்படையிலும் ஒன்று புள்ளியியல் அடிப்படையிலும் இயங்கும் இரண்டு மென்பொருளில் அமைப்பைப் போட்டுப் பார்த்து, இரண்டும் முரண்பட்டால் ஏன் என்று ஒரு நிபுணர் எழுத வேண்டும். அந்த எழுத்துதான் வேலை.

இந்த அறையில் சம்பளம் சோதனைக்கூடத்தைவிட வேகமாக ஏறும், வீட்டிலிருந்தும் செய்யலாம். அதனாலேயே கூடத்தை மிதிக்காமல் நேராக மேசைக்கு வருபவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ஆரஞ்சுத் தோலில் உள்ள டி-லிமோனின் ஆண் எலிக்குச் சிறுநீரகப் புற்றை உண்டாக்குகிறது. அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் படிப்பவர் உடனே சிவப்புக் கொடி காட்டுவார். உள்ளே போய்ப் பார்த்தால் பெண் எலிக்கும் சுண்டெலிக்கும் அது வரவில்லை. ஆண் எலியின் கல்லீரல் மட்டும் ஏராளமாகச் சுரக்கும் ஆல்ஃபா 2யூ குளோபுலின் என்ற புரதத்தோடு அது ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தில் துளிகளாகச் சேர்வதால் வரும் வினை அது. மனிதருக்கு அந்தப் புரதப் பாதை இல்லை. இதனால்தான் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1999இல் அதை மூன்றாம் பிரிவில், மனிதருக்கு வகைப்படுத்த முடியாதது என்று வைத்தது. எலி என்னவென்று தெரியாமல் எலித் தரவைப் படிக்க முடியாது. இந்தக் காரணத்துக்காகத்தான், நேராக மேசை வேலை கிடைத்தாலும் முதல் இரண்டு வருடம் கூடத்தின் செல் அல்லது மரபணுப் பிரிவில் இருங்கள் என்று சொல்வேன்.

மற்ற இரண்டு அறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தடயவியல் நச்சியல் அரசு வேலை. மாநிலத் தடயவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வரும், எப்போது வரும் என்பது வேறு விஷயம். வேதியியல் பகுப்பாய்வு கை நிறைய வேண்டும். இன்னொன்று களம்: ஆலையில் தொழிலாளி எவ்வளவு பென்சீன் சுவாசிக்கிறார், ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அளப்பது. ஆமதாபாத்தில் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனமும் போரூரில் சுற்றுச்சூழல் சுகாதாரப் பொறியியல் துறையும் இதில் தேர்ந்தவை.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். பயம் நியாயம், காரணம்தான் இடம் மாறியிருக்கிறது. கூடத்தில் சோதனைக்கு வரும் பொருளைவிட ஆபத்தானவை அலமாரியில் எப்போதும் இருப்பவை. சோதனை சரியாக நடக்கிறது என்று காட்ட வைத்திருக்கும் ஒப்பீட்டுப் பொருட்களான சைக்ளோபாஸ்ஃபமைடு, மைட்டோமைசின் சி, 2-அமினோஆந்த்ரசீன் எல்லாமே மரபணுவைத் தாக்கும் என்று தெரிந்தேதான் வாங்குகிறார்கள். சைக்ளோபாஸ்ஃபமைடு புற்றுநோய் மருந்து, சினைப்பைக்கும் கருவுக்கும் கெடுதி. அதைப் பொடியாக எடைபோடும் அந்த ஐந்து நிமிடம்தான் நாள் முழுவதிலும் மோசமான நேரம். முன்பே கரைத்து அளந்து வைத்த குப்பிகளாக வாங்கும் கூடம் நல்ல கூடம். திசு வைக்கும் ஃபார்மலின் நிச்சயப் புற்றுநோய்க் காரணிப் பட்டியலில் உள்ளது, உறிஞ்சு மேசை இல்லாமல் அதைக் கொட்டி மாற்றும் இடத்தில் வேலை செய்யாதீர்கள். சோடியம் அசைடைத் தொட்டியில் கொட்டினால் உலோகக் குழாயில் வெடிக்கும் உப்பு சேரும். விலங்கறையில் போகப் போக ஆஸ்துமா வருவதற்கு எலியின் சிறுநீரில் உள்ள புரதமே பெரிய காரணம், ரசாயனம் இல்லை.

கையுறை போட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்த சில துளி டைமெத்தில் பாதரசத்தால் மறு வருடம் ஜூனில் இறந்தார். கையுறையைக் கிழிக்காமலே அது ஊடுருவியது. எந்தக் கரைப்பானுக்கு எந்தக் கையுறை எத்தனை நிமிடம் தாங்கும் என்ற அட்டவணை உங்கள் மேசை முன் ஒட்டியிருக்க வேண்டும். கருத்தரிக்கத் திட்டமிடும்போது, கருத்தரித்தபிறகு அல்ல, மேலாளரிடம் எழுத்தில் சொல்லி அந்தப் பொருட்களை எடைபோடும் வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். நேர்முகத் தேர்விலேயே இந்த நடைமுறை இருக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம்: பெயரும் அளவும் தெரிந்த நஞ்சோடு, காற்றிழுக்கும் மேசைக்குள் வேலை செய்வது, என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத தின்னரை மூடிய அறையில் முகர்ந்துகொண்டு வேலை செய்வதைவிட எவ்வளவோ மேல்.

இனி பிஎச்.டி. சோதனைக்கூடத்தில் சேர, மேசை வேலையில் நுழைய உங்கள் எம்.எஸ்சி. போதும். அரசு ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானி, பல்கலைக்கழக ஆசிரியர், பன்னாட்டு நிறுவனத்தின் மூத்த நச்சியலாளர் என்றால் வேண்டும். துறையில் மதிப்பான டிஏபிடி என்ற அமெரிக்க நச்சியல் வாரியத் தேர்வை எழுத பிஎச்.டி. இருந்தால் 3 வருட அனுபவம், முதுகலை மட்டும் என்றால் 7 வருடம் கேட்கிறார்கள். ஆக பிஎச்.டி. இல்லாவிட்டாலும் கதவு மூடவில்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது. வேண்டும் என்று முடிவு செய்தால் சிஎஸ்ஐஆர்-நெட் உயிர் அறிவியல் எழுதுங்கள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் தொடங்கியது, இந்தத் துறைக்கென்றே உள்ள இடம். முதல் விண்ணப்பம் அங்கே போகட்டும்.

தலைப்பு எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் உயிர்வேதியியல் துறைகளில் வழக்கமாக நடப்பது இது: கார்பன் டெட்ராகுளோரைடைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுப்பது, ஏதோ ஒரு மூலிகைச் சாற்றைக் கொடுத்து அது சரியாகிவிட்டது என்று எழுதுவது. வழிகாட்டி நல்லவராக இருக்கலாம், கட்டுரையும் வெளிவரலாம். ஆனால் அதில் நஞ்சுக்கு ஒரே ஓர் அளவு. சாற்றில் என்ன சேர்மம் எவ்வளவு என்று தெரியாது. அளவு கூடக் கூட விளைவு எப்படி ஏறுகிறது என்ற கோடே இல்லை. வேலைக்கு எடுப்பவர் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான். குறைந்தது நான்கைந்து செறிவு, ஒப்பீட்டுக் குழு, அளந்த வெளிப்பாடு, இயங்குமுறை இவை உள்ள தலைப்பாகப் பாருங்கள். எலி இல்லாமல் கல்லீரல் செல்லிலேயே அது முடியும்.

வேலையில் சேர்வதானால் நேர்முகத்தில் இன்னும் இரண்டு கேட்கவேண்டும்: அறிக்கை எழுத எத்தனை நாளில் விடுவீர்கள், ஸ்டடி டைரக்டர், அதாவது ஓர் ஆய்வுக்கு முழுப் பொறுப்பாளர் ஆக என்ன பாதை? ஐந்து வருடம் தட்டு எண்ணியே கழித்துவிட்டு ஓர் அறிக்கைகூட எழுதாதவர்கள் நிறைய. பயிற்சிப் பதிவேட்டின் நகலை விடாமல் சேர்த்து வையுங்கள், வேலை மாறும்போது பட்டத்தைவிட அது பேசும்.

கடைசியாக உங்கள் ஊர்த் தண்ணீர். அதையே உங்கள் விண்ணப்பத்துக்கான மாதிரி வேலையாக்கிவிடலாம். தோல் பதனிடும் ஆலைகள் பயன்படுத்துவது பெரும்பாலும் மூன்றிணைதிறக் குரோமியம், அது ஒப்பீட்டளவில் சாது. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னைத் தாண்டும் கழிவில் இருப்பது ஆறிணைதிறக் குரோமியம். இரண்டையும் சேர்த்து 'குரோமியம் இருக்கிறது' என்று எழுதினால் அந்த அறிக்கைக்குப் பயனில்லை.

தண்ணீர் எடுக்கும் விதத்திலேயே பலரும் கெடுத்துவிடுகிறார்கள். உலோகம் பார்க்க வேண்டுமென்றால் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே இறக்க வேண்டும் என்பது பொது விதி. மொத்தக் குரோமியத்துக்கு அது சரி. ஆறிணைதிறத்துக்கு அதையே செய்தால் அமிலச் சூழலில் தண்ணீரில் உள்ள கரிமப் பொருளும் இரும்பும் அதை மூன்றிணைதிறமாக மாற்றிவிடும், ஆய்வகம் 'இல்லை' என்று கொடுக்கும். ஆகவே போர்வெல்லைச் சில நிமிடம் ஓடவிட்டு, இரண்டு பாலித்தீன் புட்டிகளில் பிடியுங்கள். ஒன்றில் அமிலம். இன்னொன்றை அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அம்மோனியம் பஃபரால் பிஎச்சை 9.3க்கும் 9.7க்கும் நடுவே கொண்டுவந்து பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். பஃபர் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். வாலைநீரை அதே மாதிரி எடுத்துச்சென்று திரும்பக் கொண்டுவரும் வெற்றுப் புட்டி ஒன்றும் சேரட்டும். அறிக்கையில் 'பிடிஎல்' (கண்டறியும் எல்லைக்குக் கீழே) என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், கண்டறியும் எல்லை என்ன எண் என்று கேளுங்கள். லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் எல்லை வைத்திருக்கும் ஆய்வகம் உங்களுக்கு வேண்டாம்.

எண் வந்தபிறகு மதிப்பீடு. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட இரண்டு வருட ஆய்வு இலவசமாகக் கிடைக்கிறது. சோடியம் டைகுரோமேட் கலந்த நீர் குடித்த சுண்டெலிகளுக்குச் சிறுகுடலில் கட்டி வந்தது. பெண் சுண்டெலிகளின் முன்சிறுகுடலில் செல் பெருக்கம் மிகக் குறைந்த அளவிலேயே தெரிந்தது. அதாவது கெடுதி தெரியாத அளவு என்று ஒன்று இந்த ஆய்வில் கிடையவே கிடையாது. கீழே போகும் கோட்டைக் கணிதத்தில் வரைந்து, 10 சதவீத விளைவுக்கான கீழ்வரம்பை நாளைக்குக் கிலோவுக்கு 0.09 மி.கி. என்று எடுத்தார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் 10, மனிதருக்குள் 10 என்று நூறால் வகுத்தால் 0.0009. நச்சுப்பொருட்களுக்கான அமெரிக்க அரசு முகமையான ஏடிஎஸ்டிஆர் நீண்டகால வெளிப்பாட்டுக்கு வைத்திருக்கும் அளவு இதுதான்.

இப்போது இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கான வரம்பான லிட்டருக்கு 0.05 மி.கி.யை எடுங்கள், அத்தனையும் ஆறிணைதிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவர் 2 லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 0.0017 மி.கி., அந்த அளவைப்போல் 1.9 மடங்கு. 10 கிலோ குழந்தை 1 லிட்டர் குடித்தால் 0.005, ஐந்தரை மடங்கு. ஒன்றைத் தாண்டினால் நோய் வந்துவிடும் என்று பொருளில்லை. பாதுகாப்பு இடைவெளி கரைகிறது என்றுதான் பொருள், அதை அப்படியே எழுதுங்கள். இரைப்பை அமிலம் ஓரளவை மூன்றிணைதிறமாக மாற்றுவதையும், மொத்தத்தில் எத்தனை பங்கு ஆறிணைதிறம் என்று உங்கள் இரண்டு புட்டிகள் சொல்வதையும், எடுத்த மாதிரிகள் எத்தனை, எந்த மாதத்தில் என்பதையும் ஒரு பத்தியில் சேருங்கள்.

ஆறு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். முதல் பக்கத்தில் முடிவு, கடைசிப் பக்கத்தில் ஆய்வக அறிக்கையின் நகல். ஒரு பிரதியை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்றை லக்னோவுக்கும் படப்பைக்கும் அனுப்பும் விண்ணப்பத்தோடு இணையுங்கள்.